லைட்டு இல்லாத போன்

மூக்குத்தி கழலவில்லை. தேவிப்ரியா தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டு அம்மாவின் மூக்கினுள் தடவி, திருகாணியை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்த உடம்பு. தடவிய எண்ணெய் அந்தச் சில்லிப்பில் வழுக்காமல் வெள்ளையாகத் திரண்டு நின்றது.

"பலமாத் திருகாத கண்ணு, வலிக்கும்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேவி சூடான தண்ணீரில் துணியை நனைத்து மூக்கின் மேல் வைத்தாள். குளிப்பாட்டியாகிவிட்டது. மஞ்சள் பூசியாகிவிட்டது. இதைக் கழற்றிவிட்டால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடுத்தி வெளியே கொண்டுபோய்விடலாம். பதினொரு மணிக்கு மயானத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள்.

வெளியே பந்தலில் மாமாவின் குரல் திடீரென்று உயர்ந்தது.

"நாலு தடவ! நாலு தடவ கூப்புட்டிருக்குது எங்கக்கா!"

தேவியின் கை நின்றுவிட்டது.

அன்பழகன், அம்மாவின் ஒரே தம்பி. கோடிச் சேலையோடு நாமகிரிப்பேட்டையிலிருந்து விடிவதற்குள் வந்து இறங்கியவர். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சத்தமாக அழுதார். அழுது முடித்ததும் டிவிக்குப் பக்கத்தில் கிடந்த அக்காவின் பட்டன் போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதைக் கையிலேயே வைத்தபடி வெளியே போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல் பட்டனை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

தேவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பந்தலின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மாமா அவர் முகத்துக்கு நேராகப் போனை நீட்டியிருந்தார். சுற்றிலும் இருந்த ஒறம்பரைச் சொந்தங்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பா போனை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார். நாற்பது வருஷம் தறிச் சத்தத்துக்குள் நின்றவருக்குக் காது என்றைக்கோ போய்விட்டது. பேசுவதும் எதிர்த் தெருவில் இருப்பவரைக் கூப்பிடுவது போலத்தான்.

"ஆமா மாப்ள. வந்திருக்குது. நான் பாக்கல" என்றார் அப்பா மருதாசலம்.

"பாக்கலயாம்!" மாமா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நேத்து மத்தியானம் ரெண்டு அம்பத்திரெண்டுக்கு ஒண்ணு, அம்பத்திமூணுக்கு ஒண்ணு, அம்பத்தேழுக்கு ஒண்ணு, மூணு ஒண்ணுக்கு ஒண்ணு. இவரு ஊட்டுக்குள்ள வந்தது நாலே காலுக்கு. நடுவுல ஒண்ணேகா மணி நேரம். நாப்பதடி தள்ளி பட்டறைல நின்னுக்கிட்டுப் பாக்கலயாம்! இவரு வாயால வெவரம் சொல்லாத நான் கோடி போட மாட்டனுங்."

மாமா சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாலு நேரமும் தேவிக்கு நேற்றே தெரியும். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அம்மாவின் பொருட்களைப் பையில் போட்டுக் கொடுத்தபோது, போனைத் திறந்து முதலில் பார்த்தவள் அவள்தான். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நெஞ்சு வலி எப்ப வந்துச்சுன்னு தெரியுங்களா?" என்று கேட்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம்" என்றார். அவர் போனபிறகு தேவி நடைபாதையில் நின்று அந்த நாலு வரியையும் பார்த்தாள். யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

இப்போது அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள். "மூக்குத்திய நீங்க பாருங்க அத்த" என்று சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்த அப்பாவின் போனை எடுத்துச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

அப்பாவின் பழைய போன் ஒன்பது வருஷம் உழைத்தது. அதன் மேல் மூலையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு விளக்கு இருந்தது. சார்ஜ் குறைந்தால் சிவப்பு. வாட்ஸப் வந்தால் பச்சை. யாராவது கூப்பிட்டு எடுக்காமல் விட்டால் நீலம். தறிப்பட்டறையில் மணிச் சத்தமும் கேட்காது, தரையே அதிர்ந்துகொண்டிருப்பதால் சட்டைப் பையில் போன் அதிர்வதும் தெரியாது. அதனால் அவர் போனைப் பட்டறை ஜன்னல் மேடையில் நிமிர்த்தி வைத்திருப்பார். கூப்பிடும்போது எரிகிற திரை அரை நிமிஷத்தில் அணைந்துவிடும். அந்த நீலப் புள்ளி அணையாது. அவர் வந்து எடுத்துப் பார்க்கும்வரை மினுக்கிக்கொண்டே இருக்கும். நாலு தறியையும் ஒரு சுற்று சுற்றி வரும்போது ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பார். நீலம் மினுக்கினால் வீட்டுக்குள் போவார்.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து பின்வாசல் படி இறங்குவது கஷ்டம். சமையலறையில் நின்றபடியே பட்டன் போனில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடிப்பாள். அப்பாவுக்குப் போகும். இரண்டு தடவை மணி அடித்ததும் கட் பண்ணிவிடுவாள். சோறு ரெடி, டீ ரெடி, ஆள் வந்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அதுதான். ஒருமுறை சமையலறையில் பாம்பு வந்தபோதும் அதுதான்.

போன வருஷம் அந்தப் போனில் வாட்ஸப் நின்றுபோனது. நூல்காரர் அனுப்பும் டிசைன் படம் எதுவும் திறக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் தேவிதான் அப்பாவை ஈரோட்டுக்குக் கூட்டிப்போய்ப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். பழையதைக் கடையிலேயே மாற்றுக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்பா புதுப் போனின் நாலு ஓரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லைட்டு எங்க சாமி?" என்று தேவியைக் கேட்டார்.

கடைக்காரர் வேல்முருகன் சிரித்தார். "இப்ப எதுலயும் அது வாரதில்லீங்க. கம்பெனிக்காரனே எடுத்துப்போட்டான். ஆனா செட்டிங்ஸ்ல போனீங்கன்னா, கால் வந்தா பின்னாடி கேமரா லைட்டு பளிச்சு பளிச்சுன்னு அடிக்கற மாதிரி வெச்சுக்கலாம். போட்டுத் தரட்டுங்களா?"

தீபாவளிக் கூட்டம் கடைக்குள் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. வெளியே காரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு அவள் கணவன் ஜெயபிரகாஷ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "பரவால்லீங்க, ஊட்டுல போயி நானே போட்டுக்கறேன்" என்றாள் தேவி.

வீட்டுக்குப் போனதும் சாப்பாடு, பலகாரம், பேச்சு. மறந்துவிட்டது. பொங்கலுக்கு வந்தபோது அப்பாவே கேட்டார். போனை வாங்கிச் செட்டிங்ஸுக்குள் போனாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. அவள் வேலை பார்ப்பது திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. எங்கோ வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த வண்டி பாகம் உடைந்து நின்றுபோயிருந்தது. பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. முடித்தபோது அப்பா பட்டறைக்குப் போய்விட்டார். போனையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் அம்மா கூப்பிட்டாள். "அப்பா அந்த லைட்டு என்னமோ கேட்டாரு கண்ணு. நான் கூப்புட்டா தெரிய மாட்டீங்குதாம்."

"ரெண்டு நிமிச வேலம்மா அது. இந்த ஞாயித்துக்கெழம வாரேன்."

திருச்செங்கோட்டிலிருந்து அம்மா வீடு இருக்கும் பள்ளிபாளையம் இருபது கிலோமீட்டர். அந்த ஞாயிறும் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

குளியலறையில் நின்று தேவி அப்பாவின் போனில் செட்டிங்ஸைத் திறந்தாள். எங்கே இருக்கும் என்று தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது தொடுதலில் அது வந்தது. ஒரு பொத்தானை வலப்பக்கம் தள்ள வேண்டும், அவ்வளவுதான். தள்ளினாள். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தன் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

வெள்ளை வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. சுவர், வாளித் தண்ணீர், கொடியில் தொங்கிய அம்மாவின் உள்பாவாடை எல்லாம் வந்து வந்து மறைந்தன. பட்டறையின் இருட்டு மூலையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால்கூட எதிர்ச்சுவரில் தெரிந்திருக்கும்.

யாரோ கதவைத் தட்டினார்கள். தேவி பதறி அழைப்பைத் துண்டித்தாள். பிறகு, ஏன் என்று யோசிப்பதற்குள் அவள் விரல் அந்தப் பொத்தானை இடப்பக்கம் தள்ளிவிட்டது. இப்படி ஒரு வசதி அந்தப் போனில் இருந்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

பந்தலில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. மாமா தரையிலேயே இருந்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கோபம் அவருக்குப் புரிந்திருந்தது, வார்த்தைகள்தான் விழவில்லை. தெருவில் துக்கத்துக்காக எல்லாப் பட்டறைகளிலும் தறியை நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஒவ்வொருவர் மூச்சு விடுவதும் எல்லோருக்கும் கேட்டது.

தேவி மாமாவுக்கு முன்னால் போய் நின்றாள். அப்பாவுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, வாயசைவு தெரியவில்லை.

"மாமா, அப்பாவக் கேக்காதீங்க. என்னையக் கேளுங்க. அந்தப் போன வாங்கிக் குடுத்தது நான். பழசுல லைட்டு மினுக்கும், அதப் பாத்துட்டுத்தான் வருவாரு. இதுல லைட்டு இல்ல. போனு ஜன்னல்ல இருட்டா நிக்குது, அவருக்கு எப்படித் தெரியும்? அவரு மேல தப்பு இல்லீங்க மாமா. எம்மேலதான்."

அதற்கு மேலும் சொல்ல வேண்டியது இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குள் கூட்டம் பேசத் தொடங்கிவிட்டது.

"நீ என்ன கண்ணு பண்ணுவ? கம்பெனிக்காரன் எடுத்துப்போட்டதுக்கு?" என்றார் பக்கத்துப் பட்டறை வீரபாகு. "எம்போன்லயுந்தான் லைட்டு போச்சு."

"லைட்டு மட்டுமா? பாட்டுக் கேக்கற ஓட்டையே இல்லீங்க இப்ப. ரேடியோ இல்ல."

"பேட்டரியக் கழட்ட முடியுதா? முன்னெல்லாம் தண்ணில உழுந்தா கழட்டி அரிசில போட்டு எடுப்போம்."

"அந்த நடு பட்டனே இல்லியே. எங்கூட்டுல அவ போன எடுக்கறதுக்குள்ள கட்டாயிப் போகுது. எந்தப் பக்கம் இழுக்கோணும்னே தெரியறதில்ல."

ஒருவர் தன் போனை எடுத்து எங்கே விளக்கு இருந்தது என்று இன்னொருவருக்குக் காட்டினார். காலையிலிருந்து என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பேச ஒன்று கிடைத்துவிட்டது. தேவி நடுவில் நின்றாள். ஒவ்வொருவரும் அவளை விடுவித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட, இதற்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று நினைத்தாள். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம் என்றும் தோன்றியது.

மாமா சேலைப் பையின் வாயைப் பிரித்து மூடினார். பிறகு எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"சின்னப் புள்ளையாட்டம் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு எத்தன தடவ அமுத்துச்சோ எங்கக்கா. அத நெனச்சாத்தான் தாங்க முடியல கண்ணு. உன்னையச் சொல்லல. மச்சானையும் சொல்லல."

அப்பா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "என்ன சொல்றா புள்ள?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "என்னத்துக்கு அழுகறா?"

மாமா அவர் அருகில் குனிந்து, வாயசைவு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஒண்ணுமில்லீங் மச்சான். கோடி போடலாம்ங்கறா. எந்திரிங்க."

மூக்குத்தியை அத்தை கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். அது இருந்த இடத்தில் ஒரு வெளுத்த புள்ளி. கோடிச் சேலையை மாமா அக்காவின் கால்மாட்டில் வைத்து விழுந்து கும்பிட்டார். பெண்கள் அதை உடுத்திவிட்டார்கள். வாங்கியிருந்த நேரம் தாண்டி, பதினொன்றரைக்குத்தான் வண்டி வந்தது. அப்பாவுக்கு மகன் இல்லை என்பதால் எல்லாவற்றையும் அவரே செய்தார். என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் மாமாதான் அவர் கையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார் என்று ஜெயபிரகாஷ் திரும்பி வந்து சொன்னான்.

பொழுது சாயும்போது பாதிக்கு மேல் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். வாசலில் பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா பின்வாசல் படியில் உட்கார்ந்து சாம்பல் எடுக்க மயானத்துக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். தேவி அப்பாவைத் தேடினாள். வீட்டில் இல்லை. முற்றத்தைத் தாண்டிப் பட்டறைக்குப் போனாள்.

அவர் மூன்றாவது தறிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். தலையில் இன்னும் ஈரம். தறியில் பாதி நெய்த துண்டு நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. நின்றுபோன பட்டறையில் பஞ்சுத் தூசி மட்டும் ஜன்னல் வெயிலில் மிதந்தது. அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

தேவி பக்கத்தில் உட்காரவில்லை. அவருக்கு முகம் தெரிய வேண்டும் என்று எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

அவரிடம் ஒன்றைச் சொல்வதென்றால் கத்தித்தான் சொல்வார்கள். இதைக் கத்தினால் தெருவுக்கே கேட்கும். அவள் குரலை எடுக்கவே இல்லை. உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். அம்மா அப்படித்தான் அவரோடு பேசுவாள்.

"அப்பா. அந்த லைட்டு. போன்ல இருந்துச்சு."

அவர் அவள் உதட்டையே பார்த்தார்.

"கேமரா லைட்டு அடிக்கற மாதிரி வெச்சிருக்கலாம். கடைக்காரரு சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். பொங்கலுக்குக் கேட்டீங்க. போடல. அம்மா கேட்டாங்க. போடல. ரெண்டு நிமிசங்கூட ஆகாதுப்பா. காலைல போட்டுப் பாத்தேன். அடிக்குது. பாத்துட்டு அணச்சுப்போட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அணச்சேன்."

பாதி புரிந்ததா, முழுக்கப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கையை நீட்டி அவள் தலைமேல் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தார். அதை விரல்களுக்கு நடுவில் உருட்டினார்.

"நான் பாத்தேன் சாமி" என்றார்.

அவருடைய வழக்கமான குரல். பட்டறையின் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது.

"ரெண்டு தடவ பாத்தேன். இங்க பாவுல பத்துப் பதினஞ்சு இழ அறுந்துபோச்சு. கையில நூலு. அங்க ஜன்னல்ல வெளிச்சம் வந்துச்சு. பாத்தேன். உங்கம்மா டீக்குக் கூப்புடறான்னு நெனச்சேன். முடிச்சப் போட்டுட்டுப் போலாம்னு..."

தேவி எழுந்து அவர் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

அவர் தடுக்கவில்லை. அவள் கைக்குள் அவர் உதடுகள் இன்னும் அசைந்தன. முள்ளு முள்ளாகத் தாடி குத்தியது. அவர் சொல்ல வந்ததை முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

முற்றத்தில் மாமா போன் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்.

"என்ன கண்ணு? மச்சான் என்னமோ சத்தம் போடறாரு?"

"டீ கேக்கறாருங் மாமா" என்றாள் தேவி.

"இரு, இரு. நான் கொண்டாரேன்."

அந்த நாலு அழைப்பும் வந்தது மூன்று மணியை ஒட்டி. அம்மா நாலு மணிக்கு முன்னால் ஒரு நாளும் டீ போட்டதில்லை. அப்பாவுக்கு அது தெரியாமல் இருக்காது. தேவி அவர் கண்களைப் பார்த்தாள். நேற்று அவர் கையில் நூலோடு நின்றபோது மணி என்ன என்று பார்க்கத் தோன்றாமல் இருந்திருக்கலாம். உண்மையிலேயே அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கலாம். இல்லையென்றால், இப்போது எதிரில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, அந்தப் பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள இந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். காலையில் எல்லோர் முன்னாலும் பார்க்கவில்லை என்றவர் அவர். எது பொய் என்று கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலையும் நம்ப முடியாது. அவள் கேட்கவில்லை.

மாமா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். காலையில் போனை நீட்டிய கை. "குடிங்க மச்சான். காலைலருந்து ஒண்ணுமே உள்ள போகல" என்று சொல்லி, அவர் விரல்களை டம்ளரைச் சுற்றி மடக்கிவிட்டார். அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு தேவியைப் பார்த்தார். எதையோ சொல்லத் திறந்த வாயை, அவள் இலேசாகத் தலையாட்டியதும் மூடிக்கொண்டார்.

மாமா அங்கே நிற்கும்வரை அப்பா டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். பங்குனிக் காவிரி. தண்ணீர் பாதிக்கு ஒதுங்கிப் பாறைகள் தெரிந்தன. எதிர்க்கரையில் ஈரோட்டுப் பக்கம் பாலத்தின் மேல் வண்டிகள் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. சாம்பல் இருந்த சிறிய மண் பானையைச் சிவப்புத் துணியில் கட்டி அப்பா மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். மாமா, ஜெயபிரகாஷ், இன்னும் இரண்டு பேர். பெண்களில் தேவி மட்டும் வந்திருந்தாள். வர வேண்டாம் என்று அத்தை சொன்னதை அவள் கேட்கவில்லை.

"முழங்கால் அளவுக்குப் போனாப் போதுங்க" என்றார் சடங்கு செய்ய வந்தவர். "கெழக்கப் பாத்து நின்னு, தலைக்கு மேல தூக்கிப் பின்னால உட்டுட்டுத் திரும்பிப் பாக்காத வந்தரோணும்."

மாமா அதை அப்பாவிடம் கையால் காட்டினார். முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அப்பா தலையாட்டிவிட்டு இறங்கினார்.

கணுக்கால். முழங்கால். அங்கே நிற்கவில்லை. பாறை வழுக்கி ஒருமுறை தடுமாறி, பானையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேலும் நடந்தார். வேட்டி தண்ணீரில் விரிந்து மிதந்தது.

"மச்சான், போதும்! நில்லுங்க!" மாமா கத்தினார்.

"ஏனுங்! அக்கட்டால போகாதீங்க, பள்ளமுங்க!" என்று துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள். ஜெயபிரகாஷும் கத்தினான். ஆற்றங்கரையே கத்தியது. இடுப்புத் தண்ணீரில் அப்பா மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்.

தேவி செருப்பைக் கழற்றவில்லை. சேலையைத் தூக்கிச் செருகவும் இல்லை. அப்படியே இறங்கினாள். தண்ணீர் நினைத்ததைவிடக் குளிராக இருந்தது. ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு கழன்றது. அவள் வேகமாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனதில் அலை எழுந்து முன்னால் ஓடி, அவர் முதுகில் போய்த் தட்டியது.

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார்.

இடுப்புக்கு நனைந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றதும், தலைக்கு மேல் தூக்கியிருந்த பானையை அவள் கைக்கு எட்டும்படி தோள் அளவுக்குத் தாழ்த்திப் பிடித்தார்.